றுஷ்னாவின் வகுப்பு

"நேத்து உங்கட மிஸிஸ் நல்லாச் செஞ்சாங்க," என்றது தொலைபேசியில் ஒரு பெண் குரல்.

நான் உப்பளத்தில், பாத்தி வரம்பில் நின்றிருந்தேன். ஒரு கையில் உவர்நீர் எடுத்த கண்ணாடிக் குழாய். காற்று பலமாக இருந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆரு?"

"உங்கட மிஸிஸ். றுஷ்னா. நீங்க மின்ஹாஜ் தானே? நான் ஷானிகா, சிலாபத்தில இருந்து. பேபிக்கு வகுப்புச் செய்ற மிஸ்."

பெயர் எனக்குத் தெரியும். எங்கள் மகள் ஸஹ்றா பிறந்தவுடன் அழவில்லை. மூளைக்குக் காற்றுப் போதவில்லை என்றார்கள். மற்றப் பிள்ளைகள் தலை நிமிர்த்தும் வயதில் அவளுக்குக் கழுத்து நிற்கவில்லை. உடம்பு விறைக்கும். பால் புரைக்கேறும். சிலாபத்தில் ஒரு நிலையம் இப்படிப்பட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கு வாரம் ஒரு முறை வீடியோ அழைப்பில் வகுப்பு நடத்துகிறது. வகுப்பு பிள்ளைக்கு அல்ல, பிள்ளையைத் தூக்குகிறவருக்கு. எப்படிப் பிடிப்பது, எப்படி ஊட்டுவது, எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது. றுஷ்னா அதில் சேர்ந்தாள். ஷானிகாதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். சிங்களப் பெண். வேலைக்காகத் தமிழ் படித்தவர்.

றுஷ்னா போன மாதம் இறந்துவிட்டாள். டெங்கு. சனிக்கிழமை காய்ச்சல், வியாழக்கிழமை அடக்கம். கபுறுக்குள் இறங்கி அவளைக் கையில் வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

"நேத்தா?" என்றேன்.

"ஓம், நேத்து நாலு மணிக்கு. பாதில நெட் போயிட்டு. மிச்சத்த இண்டைக்கு நாலு மணிக்குச் செய்றம். நான் எடுத்தது அதுக்கு இல்ல. வாற செவ்வாய்க்கிழம பெரிய டொக்டர் சிலாபத்துக்கு வாறாங்க. பேபிய அம்மாவோட கொண்டு வரச் சொல்லி நான் எத்தன தரம் சொல்லிட்டன். ஒவ்வொரு தரமும் றுஷ்னா, 'அவரக் கேட்டுச் சொல்றன் மிஸ்' எண்டு சொல்றாங்க. நீங்க விடுறல்லியா?"

நான் காற்றுக்கு முதுகைத் திருப்பினேன்.

"கோவிக்க வேணாம். நான் நேராக் கதைக்கிற ஆள். மனிசிய சிலாபத்துக்கு பஸ் ஏற விடாத மனுசன் இந்தக் காலத்திலயும் இருக்கிறாங்களா? அதும் நீங்க படிச்சவர். பேபி டொக்டருக்குக் காட்ட வரல்ல எண்டா எனக்கு எடத்த வெச்சிருக்க ஏலாது. வேற பேபிமார் காத்துக்கொண்டு இருக்கிறாங்க."

"அவ அப்பிடிச் சொன்னாளா? என்னக் கேக்கணும் எண்டு?"

"ஓம். நேத்தும் சொன்னாங்க."

"சரி," என்றேன்.

"சரி எண்டா? அனுப்புறீங்களா?"

"சரி."

"அனே, நல்லது. நான் உங்களப் பத்தி வேற மாதிரி நெனச்சன்," என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

குழாயில் அளவைப் பார்த்தேன். வாசித்தவுடன் மறந்துவிட்டது. திரும்பவும் வாசித்தேன். திரும்பவும் மறந்துவிட்டது.

நான் நம்பினேன். ஆலங்குடாவில், எங்கள் வீட்டில், றுஷ்னா இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை போவதற்கு என்னிடம் கேட்கக் காத்திருக்கிறாள். நான்தான் போகாமல் இருக்கிறேன். அவளைச் சுற்றிய கபன் துணியின் முடிச்சை அவிழ்த்தவை என் விரல்கள்தான். இருந்தும் நம்பினேன். மதியத்துக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறி, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைக்குழாய் தெரியும் இடத்துக்கு வரும்வரை அந்த நம்பிக்கை இருந்தது. பெட்ரோல் செட்டில் நிறுத்தினேன். "எவ்வளவுக்கு?" என்று கேட்டான். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் நிரப்பினான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. ஆலங்குடா வீடு றுஷ்னாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. முன் பாதியில் நாங்கள், பின் பாதியில் றுஷ்னாவின் பெற்றோரான மாமாவும் மாமியும், அவள் தங்கச்சி ஸும்ராவும். றுஷ்னா போனபிறகு அங்கே எந்தக் கதிரையில் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. உப்பளத்து விடுதியில் தங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் போவேன். பிள்ளை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பாள். பார்த்துவிட்டு வருவேன். றுஷ்னாவின் தொலைபேசி அலுமாரிக்குள் கிடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போனபோது அஸர் தொழுகை முடிந்திருந்தது. அந்த நேரத்தில் மாமி தன் தங்கச்சி வீட்டில் கருவாடு புரட்டப் போயிருப்பார். மாமா மீன் லொறியோடு சிலாபத்தில். முற்றத்தில் யாருமில்லை. ஜன்னல் வழியாகக் காலையில் கேட்ட அதே குரல் வந்தது.

"றுஷ்னா, கழுத்துக்குக் கீழ இல்ல. நெஞ்சுக்குக் கீழ வைங்க. ஆ, அப்பிடி."

"ஓம் மிஸ்."

அது றுஷ்னாவின் குரல்.

நான் செருப்பைக் கழற்றவில்லை. அப்படியே உள்ளே போய் அறை வாசலில் நின்றேன்.

பாயில் ஸஹ்றா குப்புறக் கிடந்தாள். சுருட்டிய துவாய் ஒன்று அவள் நெஞ்சுக்கடியில். அவளுக்கு எதிரே, தாடை பாயில் முட்டும்படி, ஸும்ரா குப்புறப் படுத்திருந்தாள். அவளுடைய தோளுக்குப் பின்னால் அரிசி வாளியில் சாய்த்து வைத்த தொலைபேசி. அப்படி வைப்பது றுஷ்னாவின் ஏற்பாடு. வீடியோவில் தன் முகம் போவதை அவள் விரும்பவில்லை. ஆனால் பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கவேண்டும். அதனால் தொலைபேசியைத் தனக்குப் பின்னால் வைத்தாள். பிள்ளைக்குத் தாயின் முகம் தெரியும். ஷானிகாவுக்குப் பிள்ளையின் முகமும், தாயின் முந்தானையும், இரண்டு கைகளும் தெரியும். இது போதும் என்று ஷானிகாவும் சொல்லிவிட்டார். ஆகவே அவர் றுஷ்னாவின் முகத்தை ஒருநாளும் கண்டதில்லை.

அக்கா தங்கச்சி இருவருக்கும் ஒரே குரல். தொலைபேசியில் மாமியே மாறிக் கூப்பிடுவார்.

"இப்ப பொறுங்க றுஷ்னா. ஒண்டும் செய்ய வேணாம். கூப்பிடவும் வேணாம். அவ தேடட்டும்."

ஸும்ரா அசையவில்லை. நானும் அசையவில்லை. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஸஹ்றாவின் தலை பாயை விட்டு எழும்பியது. ஆடியது. விழப்போனது. விழவில்லை. கண்களால் ஸும்ராவின் முகத்தைத் தேடிப் பிடித்தாள். வாய் திறந்து ஒரு சத்தம் போட்டாள்.

என் மகளால் தலை தூக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

"அனே! பாத்தீங்களா? பாத்தீங்களா றுஷ்னா?" தொலைபேசிக்குள் ஷானிகா கை தட்டினார்.

ஸும்ரா சிரித்தபடி வாசல் பக்கம் திரும்பினாள். என்னைக் கண்டாள். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் கைகள் பிள்ளையின் தோளிலிருந்து விலகவில்லை.

"றுஷ்னா? உங்கட அவர் கதைச்சாரா? நான் காலைல எடுத்தன்."

ஸும்ரா என்னைப் பார்த்துக்கொண்டே, "இன்னம் இல்ல மிஸ்," என்றாள்.

"எனக்குச் சரி எண்டு சொன்னாரே. பயப்பட வேணாம். ஆள் நாம நெனச்ச மாதிரி இல்ல. குரல் ஏன் ஒரு மாதிரி?"

"தடிமன் மிஸ்."

"கொத்தமல்லி குடிங்க. செவ்வாய்க்கிழம காண்பம்."

திரை இருண்டது. ஸும்ரா பிள்ளையைத் திருப்பி மடியில் இருத்தி, துவாயை உதறி மடித்தாள்.

"என்ன செய்றாய் நீ?" என்றேன்.

"புள்ளைக்கு வகுப்பு."

"அவ றுஷ்னா எண்டு கூப்பிடுறா. நீ ஓம் எண்டு சொல்றாய்."

"வேற என்ன சொல்ற?"

"றுஷ்னா..."

மவுத்து, அதாவது இறந்துவிட்டாள், என்று சொல்லச் சொல்லத்தான் வந்தேன். 'றுஷ்னா' வரைக்கும் வந்தது. மிச்சம் வரவில்லை. அன்றுவரை அந்தச் சொல்லை நான் யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததில்லை. எனக்குச் சொன்னது டொக்டர். ஊருக்குச் சொன்னது பள்ளிவாசல் ஒலிபெருக்கி. உப்பளத்துக்குச் சொன்னது மாமா.

ஸும்ரா கவனித்தாள். "பாத்தீங்களா," என்றாள். "உங்களுக்கே வாய் வருதில்ல. எனக்கு எப்பிடி வரும்? அடக்கி அடுத்த புதன். ஊடு நெறைய ஆக்கள் ஓதிக்கொண்டு இருந்தாங்க. அலுமாரிக்குள்ள போன் அடிச்சிச்சி. சொல்லத்தான் எடுத்தன், அல்லாஹ்வறிய. றுஷ்னா எண்டு அவ கூப்பிட்டா. நான் ஓம் எண்டுட்டன்."

"அடுத்த புதன் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா? அப்ப இனி ஆரு வகுப்புக்கு எண்டு கேப்பா. நான் எண்டு சொல்லணும். நான் எண்டு சொன்னா உம்மாக்கும் வாப்பாக்கும் அதுவே காணும், வேற ஒண்டும் தேவல்ல."

"என்னத்துக்குக் காணும்?"

அவள் சத்தமாகச் சிரித்தாள். மடியில் பிள்ளை திடுக்கிட்டது.

"மச்சான், நீங்க உப்புக்குள்ள இருந்து உப்பாவே போயிட்டீங்க. ஊர்ல கடைக்காரனுக்கும் தெரியும். என்னய உங்களுக்குக் கட்டி வெக்கப் போறாங்க."

இது புதிதில்லை. தாய் இறந்து கைக்குழந்தை மிஞ்சினால் தாயின் தங்கையை அந்த வீட்டிலேயே கட்டிக்கொடுப்பது எங்களில் நடப்பதுதான். அப்படிக் கட்டிய இரண்டு பேரை எனக்கே தெரியும். ஆனால் அது மற்றவர்களுக்கு நடக்கும் விஷயமாக இருந்தது.

"எனக்கு வாற மாசம் கல்வியியற் கல்லூரி," என்றாள் ஸும்ரா. "அத இன்னம் ஆரும் வாய்விட்டு வேணாம் எண்டு சொல்லல்ல. நான் புள்ளைய வெச்சிக்கொண்டு வகுப்புல இரிக்கிறத உம்மா கண்டா, அண்டையோட சரி. 'நீதானே உம்மா, இனி என்னத்துக்குக் கல்லூரி' எண்டுவா. வகுப்ப விட்டா புள்ளட எடம் போகும். இப்ப வகுப்புக்கு இரிக்கிறது றுஷ்னா ராத்தா. நான் இல்ல. விளங்குதா?"

விளங்கியது.

"எந்தக் கையில புடிச்சா அவ அழமாட்டா, சொல்லுங்க பாப்பம்," என்றாள் திடீரென்று. "வாப்பா தானே. சொல்லுங்க."

நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன்.

"செருப்பையாவது கழட்டுங்க மச்சான். புள்ள படுக்கிற எடம்."

கழற்றினேன்.

அப்போதுதான் மாமி வந்தார். கையில் கருவாட்டுப் பை. என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "வாங்க மகன். இண்டைக்கு வெள்ளிக்கிழமயும் இல்லயே. முகம் ஏன் இப்பிடி? ஸும்ரா, மச்சானுக்கு ஒரு பிளேன்டியாச்சும் ஊத்தினியா? மரம் மாதிரி இரிக்கிறா பாருங்க." பையை வைத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. மாமாவும் நானும் ஒண்டு யோசிச்சம். புள்ளைக்கும் ஒரு கை வேணும். அந்நியம் ஒண்டு வந்து இந்தப் புள்ளைய பாக்குமா? அதால நாங்க..."

"மாமி," என்றேன். "றுஷ்னா இண்டைக்கு நாலு மணிக்கு வகுப்புல இருந்திரிக்கா."

நான் சொல்ல வந்தது அதில்லை. வந்தது அதுதான்.

மாமி என் முகத்தைப் பார்த்தார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். "அஊது பில்லாஹ்," என்று எழும்பினார். ஸும்ரா பிள்ளையை அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கல்லூரியைப் பற்றியும் சொன்னாள். கலியாணம் வேண்டாம் என்பதையும் சொன்னாள். மாமி அவளை அடிக்கக் கை ஓங்கினார். பிள்ளை இருந்ததால் கை அந்தரத்தில் நின்றது.

"செத்தவட பேரவெச்சி விளாட்டா? அவட பேரவெச்சி?"

"விளாட்டில்ல உம்மா."

மாமி கையைக் கீழே போட்டார். பிறகு, நான் எதிர்பார்க்காத குரலில், "அப்ப அந்த மிஸ்ஸுக்கு இன்னம் தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியா."

"அவ உசுரோட இரிக்கா எண்டா நெனச்சிக்கொண்டு இரிக்கா?"

"ஓம் உம்மா."

மாமி என் பக்கம் திரும்பினார். "சொல்லாதீங்க மகன்," என்றார். "ஒரு ஆளாவது அப்பிடி நெனச்சிக்கொண்டு இரிக்கட்டும். சொல்லாதீங்க."

நான் அரிசி வாளியில் சாய்ந்திருந்த தொலைபேசியை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை பிள்ளையைத் தாயோடு கொண்டு போகவேண்டும். கொண்டு போகாவிட்டால் இடம் போய்விடும். தாய் இல்லை. கணக்கு இவ்வளவுதான். பாயில் உட்கார்ந்தேன். அழைப்பை அழுத்தினேன். தொலைபேசியைத் தோளுக்குப் பின்னால் வைக்கவில்லை. முகத்துக்கு நேரே பிடித்தேன்.

ஷானிகா உடனே எடுத்தார். நாற்பது வயதிருக்கும். மேசையில் சாப்பாட்டுப் பெட்டி திறந்திருந்தது. என்னைக் கண்டு புருவம் உயர்ந்தது.

"ஆ, மின்ஹாஜ்! முகத்தக் காட்டினீங்க. றுஷ்னா எங்க?"

"மிஸ், றுஷ்னா இல்ல."

"எங்க போயிட்டாங்க?"

"மவுத்தாப் போயிட்டா."

அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. "எங்க?" என்று திரும்பவும் கேட்டார்.

"செத்துட்டா மிஸ்," என்றேன்.

ஷானிகாவின் முகம் இறுகியது. "அப்பிடிக் கதைக்க வேணாம்," என்றார். "பகிடிக்கும் கதைக்க வேணாம். அனுப்ப விருப்பமில்லாட்டி விருப்பமில்ல எண்டு சொல்லுங்க. நான் ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி அந்தப் பிள்ளையோட கதைச்சன். மனிசி செத்துட்டா எண்டு சொல்ற மனுசன நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். கூப்பிடுங்க அவங்கள. இப்பவே கூப்பிடுங்க."

ஸும்ரா பிள்ளையோடு வந்து என் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, உட்கார்ந்தாள். தொலைபேசியை அவள் பக்கம் திருப்பினேன்.

ஷானிகாவின் முகம் உடனே மலர்ந்தது. "றுஷ்னா! இதுதானா நீங்க? இவ்வளவு நாளைக்கு மறைச்சீங்களே, எவ்வளவு வடிவு. இந்த மனுசன் என்னமோ சொல்றார், பாருங்க..."

"மிஸ், நான் ஸும்ரா. றுஷ்னா ராத்தாட தங்கச்சி."

"தங்கச்சியா? அப்ப றுஷ்னா?"

"மச்சான் சொன்னது சரி மிஸ்."

"இப்ப என்னோட கதைச்சது ஆரு?"

"நான்."

"நேத்து?"

"நான் மிஸ். போன மாசத்தில இருந்து நான்தான். நீங்க ஒரு நாள் ஏசினீங்க. ஏன் போன எடுக்க இவ்வளவு நேரம், இது பேபிட நேரம், விளாட்டில்ல எண்டு. நான் ஸொறி சொன்னன். அது ராத்தாவ அடக்கி அடுத்த கிழம."

ஷானிகா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொலைபேசி கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். திரையில் அவருடைய கை மட்டும் அசைந்தது. சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை எடுத்து மூடினார். அது பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். பிறகு அந்த மூடியை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தோள்கள் குலுங்கின. சிங்களத்தில் ஏதோ சொன்னார். எழும்பிப் போனார்.

திரையில் வெறும் கதிரை. அதன் பின்னால் சுவரில் யாரோ ஒரு பிள்ளையின் படம்.

நான் அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் தெரிந்தது. எல்லோரும் ஒன்றாகத்தான் அழுதார்கள். நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஒருவர் அதைக் கேட்கும்போது முகம் என்ன ஆகும் என்று இப்போதுதான் பார்த்தேன். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். தொலைபேசியை அரிசி வாளியில் சாய்த்து வைத்தேன்.

மாமி கதவடியில் நின்று அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல்.

ஷானிகா திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். முன்மயிர் நனைந்திருந்தது.

"எனக்கு உங்களோட கோவம்," என்றார் ஸும்ராவிடம். "அத பிறகு சொல்றன். கோவம் இரிக்கிது எண்டு மட்டும் தெரிஞ்சிகொள்ளுங்க."

"ஓம் மிஸ்."

"எடம் பேபிட. அம்மாட இல்ல. அத நீங்க முதல் நாளே என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பன். ஆனா ஒரு ஆள் வேணும். ஒரே ஆள், ஒவ்வொரு கிழமையும். இல்லாட்டி இதில பிரயோசனம் இல்ல. ஆரு இருக்கப் போற?"

மாமி ஸும்ராவைப் பார்த்தார். ஸும்ரா பாயைப் பார்த்தாள்.

"நான்," என்றேன்.

"உங்களுக்கு வேல?"

"கேட்டுப் பாக்கிறன்."

"கேக்கிறதா, இரிக்கிறதா?"

"இரிக்கிறன்."

"எங்க இரிக்கிற?" என்றார் மாமி கதவடியிலிருந்து. "உப்பளத்தில இருந்துகொண்டா?"

"இஞ்ச, மாமி. நீங்க விட்டா."

"விடுறதென்ன விடுறது. ஆரட ஊடு இது," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நாங்க கதைச்ச விஷயம்..."

"அது வேணாம் மாமி."

மாமி ஏன் என்று கேட்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

ஷானிகா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. "பேபி ஏற்கெனவே ஒரு ஆளத் தேடுறா," என்றார். "இப்ப தங்கச்சியும் எழும்பிப் போனா ரெண்டாவது ஆளயும் தேடுவா. அதால திடீரெண்டு வேணாம். தங்கச்சி காட்டிக் குடுக்கட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாப் பின்னால போகட்டும். இப்ப தொடங்குவம். தங்கச்சி, தோளில எப்பிடிப் புடிக்கிற எண்டு காட்டுங்க. மின்ஹாஜ், தங்கச்சிட கைக்கு மேல உங்கட கைய வைங்க. எவ்வளவு அழுத்தம் எண்டு அப்பத்தான் தெரியும்."

நானும் ஸும்ராவும் அசையவில்லை.

"வைங்க. என்ன?"

"மிஸ், அது ஏலாது," என்றாள் ஸும்ரா. காது சிவந்துவிட்டது. "எங்கட ஆக்கள்ல இல்ல. அவர் எனக்கு மச்சான்."

"அனே, ஸொறி, ஸொறி. அப்ப எப்பிடிக் காட்டுற? வாயால சொல்லி இது வராது. கூடப் புடிச்சா அவ விறைப்பா. கொறயப் புடிச்சா விழுவா."

மாமி முந்தானையில் கையைத் துடைத்தார். வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "எனக்கு ரெண்டு பேரும் புள்ளையள் தானே," என்றார். மனைவியின் தாய் எனக்குத் தாய் முறை. தொட்டால் குற்றமில்லை. "புடி பாப்பம்," என்றார். ஸும்ரா பிள்ளையைத் துவாயில் குப்புறக் கிடத்தித் தோளைப் பிடித்ததும், அவள் கை மேல் தன் கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். உப்புப் புளி பார்ப்பது போல இருந்தது. "ம். இவ்வளவுதானா? இது புடிக்கவே இல்லயே."

"அவ்வளவுதான் உம்மா."

"நான் இவ்வளவு நாளும் புள்ளைய நெரிச்சிட்டனே," என்றார் மாமி. திரையில் ஷானிகாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அது அழுகையாகி, அடங்கியது.

"இப்ப நீங்க வைங்க மகன்."

ஸும்ரா கையை எடுத்துச் சுவரோரம் நகர்ந்தாள். நான் என் மகளின் தோளில் கை வைத்தேன். எலும்பு மிகச் சிறியதாக இருந்தது. சூடாக இருந்தது. மாமியின் கை என் கை மேல் வந்தது. கருவாட்டு மணம். ஸும்ராவின் கையிலிருந்து எடுத்த அழுத்தத்தை அப்படியே என் கையில் இறக்கினார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்குத் தெரிந்தது.

ஸஹ்றாவுக்கும் தெரிந்தது. இது வேறு கை. உடம்பு விறைத்தது. வீரிட்டு அழுதாள்.

ஸும்ரா தன்னை அறியாமல் முன்னால் வந்தாள்.

"இல்ல தங்கச்சி," என்றார் ஷானிகா. "அங்கயே இருங்க. அவ பாக்கிற எடத்தில இருங்க. தொட வேணாம். மின்ஹாஜ், எடுக்க வேணாம் கைய. குப்புறப் படுங்க. முகம் அவட முகத்துக்கு நேர. அழட்டும். அவளுக்கு உங்கட குரல் தெரியாது. கதைங்க."

குப்புறப் படுத்தேன். தாடை பாயில் முட்டியது. ஒரு கை தூரத்தில் அவளுடைய முகம். சிவந்து, நனைந்து, வாய் முழுவதும் திறந்திருந்தது. றுஷ்னாவின் மூக்கு. இவ்வளவு கிட்டத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

"என்ன கதைக்கிற?" என்றேன்.

"எதையும். அவளுக்குச் சொல்லு விளங்காது. குரல்தான் வேணும்."

பிள்ளைகளோடு பேசும் பேச்சு எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மாமியின் கை இன்னும் என் கை மேல் இருந்தது.

"உம்மா மவுத்தாப் போயிட்டா," என்றேன்.

மாமியின் கை அதிர்ந்தது. ஆனால் எடுக்கவில்லை. ஷானிகா என்னைத் தடுக்கவில்லை.

ஸஹ்றா அழுகையை நிறுத்தவில்லை. தலை ஒரு தரம் எழும்பியது. ஆடிப் பக்கவாட்டில் திரும்பி, சுவரோரம் இருந்த ஸும்ராவைத் தேடியது. ஸும்ரா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். தலை கீழே விழுந்தது.

"இன்னொரு தரம்," என்றார் ஷானிகா. "அதே குரல்ல. மெதுவா. பொறுங்க. அவ தேடட்டும்."

நான் பொறுத்தேன். பிறகு திரும்பவும் அதையே சொன்னேன்.